ஆப்பிள் ஸ்டிக்கருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

என் கண்ணு,

வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு அந்தக் கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம், அப்பாவின் இடது தோளை மட்டும் விட்டுவிட்டுப் பார்த்தால். தினம் போனில் பேசுகிறவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தேன். வாயைத் திறந்தால் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், நீ அழுதால் எனக்கும் தாங்குவதில்லை, அப்பா பக்கத்தில் வந்து எலும்புல விரிசல் எனக்கு, நீங்க ரெண்டு பேரும் எதுக்கு அழறீங்க என்கிறார், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் இதைக் கூரியரில் அனுப்பப் போகிறேன். மாதக் கடைசிக்குள் கட்டாயம் உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர் ஆபீஸ் பெண் சொல்லியிருக்கிறாள். வேலையை விடுவதாக நீ எழுதி வைத்திருக்கும் கடிதத்தில் இதைப் படித்து முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதே. நேற்றுப் போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், ஏம்மா ஏம்மா என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். பால் ஒன்றும் பொங்கவில்லை. அடுப்பையே நான் பற்ற வைத்திருக்கவில்லை.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் காறை எலும்பு நன்றாகவே கூடி வருகிறதாம், தொட்டில் துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டை அளந்துகொண்டிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்த மனுஷனைச் சும்மா உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா. காய்ச்சல் இல்லாவிட்டாலும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொள்கிறார், குக்கர் விசிலை எண்ணுகிறார், என் தையல் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நேத்தைவிட இன்னிக்குச் சத்தம் ஜாஸ்தி என்கிறார். கண் அப்படியேதான் இருக்கிறது, மோசமாகவில்லை, நல்லதாகவும் இல்லை. நேராக இருப்பது தெரிகிறது, சின்ன எழுத்து தெரிவதில்லை, விளக்கு வெளிச்சம் தெரிகிறது, அதிலும் சிவப்பு நன்றாகவே தெரிகிறது. இந்தச் சிவப்பு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும். எனக்கு ஹாஸ்டல் ஜன்னல்களுக்கான திரைச்சீலை ஆர்டர் முடிந்துவிட்டது, சாம்பல் நிறத் துணி, பார்த்துப் பார்த்துக் கண்ணெல்லாம் சாம்பலாகிவிட்டது, மடித்து அனுப்பியாகிவிட்டது.

இப்போது வண்டி விஷயம். அன்றைக்கு நடந்ததை நீ அப்பா வாயால்தான் கேட்டாய். கண் ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம், மழை, எல்லா வண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. நானும் ஹெட்லைட், வைப்பர், கண்ணாடியில் பனி பிடிக்காமல் இருக்க ஃபேன், பின் கண்ணாடிச் சூடு எல்லாவற்றையும் போட்டிருந்தேன். மேம்பாலத்தில் ஏறும்போதே வைப்பர் சோம்பேறித்தனமாக நகர ஆரம்பித்தது. ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியது. இறக்கத்தில் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. எல்லோரும் ஆபத்துக்குப் போடுவார்களே, நாலு பக்கமும் மின்னும் விளக்கு, அதை அழுத்து அழுத்து என்று அழுத்தினேன், அது மின்ன ஒரு பொட்டுக் கரண்ட் இல்லை. பின் விளக்கும் இல்லை. மழையில் ஒரு கறுப்பு மூட்டை மாதிரி நடு ரோட்டில் நின்றோம். பின்னால் வந்த வேன்காரர் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார், பிரேக் பிடித்தும் வழுக்கிக்கொண்டு வந்து இடித்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, இறங்கி ஓடி வந்து, மழையில் நனைந்துகொண்டே, அய்யோ பெரியவரே பெரியவரே என்று அவர்தான் முதலில் அழுதார். சீட் பெல்ட் இழுத்த இழுப்பில்தான் அப்பாவின் எலும்பு விரிந்தது. அப்பா அப்போது கத்தவில்லை. டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டு, எல்லா மீட்டரும் செத்துப் போச்சு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உன்னிடம் அப்பா போனில் சொன்னது என்ன, வண்டி பழசும்மா, பேட்டரிக்குக் கரண்ட் ஏத்தற ஆல்டர்னேட்டருன்னு ஒண்ணு இருக்காம், அதோட ஆயுசு முடிஞ்சு போச்சு, யாரு என்ன பண்ண முடியும், என்றுதானே. அவருக்குத் தெரிந்த உண்மை அது. நீ அதைக் கேட்டுவிட்டு, நான்தான் அந்தப் பழைய வண்டியை உங்க தலையில கட்டிட்டு வந்தேன், புதுசு வாங்கித் தரேன்னு சொல்லிச் சொல்லித் தள்ளிப் போட்டேன், பக்கத்துல இருந்து பாத்துக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சு, என்று தேம்பினாய். அடுத்த நாள் போன் பண்ணினாய், அதற்கடுத்த நாள் ஒரு மணி நேரம் பேசினாய், அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். இத்தனை வருஷம் பல் செட் செய்யும் அந்த லேபில் மெழுகும் பிளாஸ்டருமாக முதுகு ஒடிய உட்கார்ந்து, இப்போதுதான் உன்னை சூப்பர்வைசர் ஆக்கி, தனி மேஜை கொடுத்து, உன் பேரை எழுதிய கதவை நீ எனக்கு வீடியோவில் காட்டினாய். அந்தக் கதவை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். எதற்கு, உன் மேல் இல்லாத ஒரு குற்றத்துக்காக.

கண்ணு, அது உன் குற்றம் இல்லை. வண்டி பழசானதாலும் இல்லை. அந்த ஆல்டர்னேட்டர் வாய்விட்டுச் சொன்னது, நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

எப்படி என்று சொல்கிறேன், கோபம் வந்தாலும் முழுக்கப் படி. விபத்துக்கு ஒரு மாதத்துக்கும் முன்னாலேயே டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் மினுக் மினுக்கென்று வரும், கொஞ்சம் வேகம் எடுத்தால் அணைந்துவிடும். திரைச்சீலை டெலிவரிக்குப் போகிற வழியில் ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் காட்டினேன். அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியும், ஊரே ஷாக்கு என்று கூப்பிடுகிற ஆள், கரண்டில் அடிபட்டு வந்த பேர் இல்லை, அவர் பில்லை நீட்டும்போது நமக்கு அடிக்கிற ஷாக்கால் வந்தது. அவர் பானெட்டைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து, டாக்டர் மாதிரி கேட்டுவிட்டு, அக்கா, கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு, ஒரு நேரம் தொடுது ஒரு நேரம் தொடல, பேரிங்கும் முனகுது, வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, என்றார். கார்பன் பிரஷ் என்றால் எனக்குத் தெரியாததா. என் தையல் மெஷின் மோட்டாரில் அதே கரித்துண்டுதான் இருக்கிறது, தேய்ந்தால் நானே திருகிக் கழற்றி மாற்றிப் போடுகிறவள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

இந்த ஆர்டர் முடியட்டும் அப்புறம் விடறேன் என்று வந்துவிட்டேன். ஏன் என்று கேட்பாய். வண்டியை ரெண்டு நாள் விட்டால் அப்பாவுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் சொன்னால் அன்று சாயங்காலமே உன்னிடம் ரீடிங் கொடுத்துவிடுவார், அவர் வாயில் எதுவும் நிற்காது. நீ போன வருஷம் கிளட்ச் போனபோதே என்ன சொன்னாய், இன்னொரு தடவை ஏதாவது செலவு வெச்சா பேசாம வித்துடும்மா, டாக்ஸியில போய்க்கலாம், என்றாய். நல்லதுக்குத்தான் சொன்னாய். ஆனால் டாக்ஸியில் நான் ஒரு மூட்டை, கண்ணு. கொண்டுபோய் இறக்கிவிடுகிற மூட்டை. ஐம்பதைத் தாண்டிய பிறகு நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் காலி மார்க்கெட் மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா விடும்மா, கிளட்சைக் கோழிக்குஞ்சைக் கீழ விடற மாதிரி விடும்மா, என்று எனக்குக் கற்றுக்கொடுத்தாயே, அன்றிலிருந்துதான் நானாக எங்கேயாவது போகிறேன். துணி மூட்டையைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரையும் கேட்காமல் திரும்புகிற அந்தச் சந்தோஷம். அது போய்விடும் என்று பயந்தேன். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் காரணம்.

ஆனாலும் அப்பா பக்கத்தில் உட்காருவாரே. டேஷ்போர்டைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது, வேகம் இவ்வளவு, பெட்ரோல் பாதிக்கும் கீழே, சூடு சரியாக இருக்கிறது என்று வழியெல்லாம் வாசித்துக்கொண்டே வருவார். முள் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் சிவப்பு எரிந்தால் நிச்சயம் தெரிந்துவிடும். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியில் அவருக்காகக் காத்திருந்தேன். பசித்தது, பையில் இருந்த ஆப்பிளை எடுத்தேன், அதன் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன், அது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எதிரே அந்த விளக்கு. சரியாக அதே அளவு. கண்ணு, நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, கை தானாகப் போனது, வட்டமாக ஒட்டிவிட்டது. அப்பா வந்து உட்கார்ந்தார், எல்லாவற்றையும் வாசித்தார், எல்லாம் சரியாயிருக்கு போலாம் என்றார். நானும் எடுத்தேன். அதன் பிறகு எனக்கே அந்த விளக்கு தெரியவில்லையா, நாள் போகப்போக அது எரியவில்லை என்றே நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைசி நாள் மேம்பாலத்தில் ஏறும்போது அது விடாமல் எரிந்துகொண்டிருந்திருக்கும், ஸ்டிக்கர் அதை முழுக்க மறைத்துவிட்டது.

பாலத்திலிருந்து வண்டியை அப்படியே கட்டி இழுத்து ஷாக்கு கடைக்குத்தான் கொண்டுபோனார்கள். மறுநாள் போனேன். அவர் வேறு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியிருக்கிறார், எல்லா விளக்கும் வர வேண்டுமாம், பேட்டரி விளக்கு மட்டும் வரவில்லையே என்று பல்பைப் பார்க்கக் குனிந்திருக்கிறார், ஆப்பிள் இருந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கடை அதிரச் சிரித்தார், அக்கா, முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், டேப் ஒட்டினவங்களைப் பாத்திருக்கேன், பல்பைப் புடுங்கிப் போட்டவங்களைப் பாத்திருக்கேன், பழம் ஒட்டினது நீங்கதான், என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க என்று கெஞ்சினேன். நான் எலக்ட்ரீஷியன்க்கா, சாட்சி இல்ல, என்றார். ஆனால் விடவில்லை, வேலை பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். கேட்டுக்கொண்டு நின்றேன், அதற்கு மேல் எனக்கு என்ன மரியாதை.

ஒரு ஆல்டர்னேட்டர் எவ்வளவு நாளுங்க உழைக்கும் என்று கேட்டேன், அதன் ஆயுசே முடிந்திருக்கும் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. பொதுவா ஏழெட்டு வருஷம், லட்சம் ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடும், நல்லா வெச்சுக்கிட்டா அதுக்கு மேலயும் ஓடும், போட்டுப் பாடாப் படுத்தினா நாலஞ்சு வருஷத்துலயே கையை விரிச்சிடும், என்றார். உங்களது இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும், சொன்னப்பவே பிரஷ்ஷும் பேரிங்கும் மாத்தியிருந்தா பாலத்துல நின்னிருக்காது, என்றும் சொன்னார். நப்பாசை அதோடு போயிற்று. அப்புறம் என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கறந்தார். வண்டியைச் சுத்தமாக வைக்கிறேன் என்று இன்ஜினுக்குள் குழாயைப் பீய்ச்சிக் கழுவியிருக்கிறேன், அந்தத் தண்ணீரெல்லாம் நேராக ஆல்டர்னேட்டருக்குள்தான் போகுமாம். மாடி வீட்டுக்காரர் வண்டி பேட்டரி இறங்கி நின்றபோதெல்லாம் நம் வண்டியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் பண்ணக் கொடுத்திருக்கிறேன், பெரிய மனசு என்று அவர் புகழ்ந்தார், அந்தப் பெரிய மனசுக்குக் கூலி கொடுத்தது ஆல்டர்னேட்டர்தான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நான் உப்பு என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். நம்ம பேட்டரியே ஒரு தடவை சுத்தமாக இறங்கியபோது சார்ஜரில் போடாமல், தள்ளி ஸ்டார்ட் பண்ணி, ஓட்டினால் தானாக ஏறிக்கொள்ளும் என்று சுற்றியிருக்கிறேன், அது செத்த பேட்டரியை உயிர்ப்பிக்கிற மெஷின் இல்லையாம், உயிரோடு இருப்பதைக் காப்பாற்றுகிற மெஷினாம்.

நீயும் அங்கே வண்டி ஓட்டுகிறாய், அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். சாவியைத் திருப்பினால் பேட்டரி விளக்கு வர வேண்டும், இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் போக வேண்டும், வராமல் இருந்தாலும் கோளாறு, போகாமல் இருந்தாலும் கோளாறு. ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிற பெல்ட்டை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல், வெடித்திருந்தால் மாற்று, தளர்ந்தால் கீச்சென்று கத்தும், ரொம்ப இறுக்கினாலும் பேரிங்கைத் தின்றுவிடும், என் மெஷின் பெல்ட் மாதிரிதான். குளிருக்குச் சீட்டைச் சுட வைக்கிற பொத்தான் இருக்கிறது என்றாயே, அதையும் ஹீட்டரையும் இன்ஜின் ஓடிக் கொஞ்சம் நேரம் ஆன பிறகு போடு. லேபுக்கு ரெண்டு தெருதான் என்று தினம் அவ்வளவு மட்டும் ஓட்டாதே, வாரத்தில் ஒரு நாள் நீளமாக எங்காவது போய்வா, பேட்டரி நிறையும், உனக்கும் காற்றாட இருக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார் என்று யாராவது பழைய ஆள் சொன்னால் கேட்காதே, உள்ளே எல்லாம் வெந்துவிடும். இதெல்லாம் ஷாக்கு சொன்னது. விளக்கு எரிந்தால் அன்றே கொண்டுபோய்க் காட்டு என்பது நான் சொல்வது, சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும்.

இன்னொன்று இருக்கிறது. இதுதான் எழுத முடியாமல் ரெண்டு நாள் பேனாவை மூடி மூடி வைத்தேன். நீ முதல் நாள் அழுதபோதே, அய்யோ உன் தப்பு இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாயோ என்ற பயத்தில்தான் முதலில் வாயை மூடிக்கொண்டேன், அது உண்மை. அப்புறம் நீ தினம் பேச ஆரம்பித்தாய். வழக்கமாக எப்படிப் பேசுவாய், சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வெக்கறேன்மா. இப்போது ஒரு மணி நேரம் பேசினாய், சின்ன வயதில் பேசின மாதிரி பேசினாய், லேபில் யார் பல்லை யாருக்கு மாற்றி வைத்தார்கள் என்ற கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தாய். வந்துவிடுகிறேன்மா என்று நீ சொன்ன அன்று, வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சாயங்காலம் உன் ரூமைத் திறந்து ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தேன். மிச்சம் இருந்த சாம்பல் துணியில் உன் ஜன்னலுக்கு ஒரு திரையே வெட்டிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். நீ குற்ற உணர்ச்சியில் வருகிறாய் என்று தெரிந்தும், வந்தால் சரி என்று இருந்துவிட்டேன். அப்பாவின் தோளை விட இதுதான் என்னைத் தின்கிறது. ஒரு விளக்கை மறைத்து அவரைப் படுக்க வைத்தேன், பேசாமல் இருந்து உன் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தேன். என்னை மன்னித்துக்கொள் கண்ணு.

மேலே இருப்பது நேற்று வரை எழுதியது. உன்னிடம் சொல்லிவிட்டு அப்பாவிடம் மறைத்தால் அது எந்த ஊர் நியாயம் என்று தோன்றியது. இன்று காலையில் அவரை உட்கார வைத்து, அவர் கண்ணுக்குத்தான் எழுத்து தெரியாதே, நானே இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். ஸ்டிக்கர் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார், அந்த இடத்தைத் திரும்பப் படி என்றார். படித்தேன். மீட்டரைத் திருப்பி வெச்சவன், காந்தம் வெச்சவன், மேல மண்ணைக் கொட்டி மூடினவன், எத்தனை பேரைப் புடிச்சிருக்கேன், என் வீட்டுலயே ஒருத்தி மீட்டரை மறைச்சிருக்கா, எனக்குத் தெரியல, என்றார்.  நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார், தண்ணீர் கேட்கவில்லை, தானே எழுந்து ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டார். தோள் வலிக்கிறதா என்று கேட்டதற்குச் சுவரைப் பார்த்தார். நான் மெஷினில் உட்கார்ந்தேன், ஒரு தையலும் நேராக வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என் மேல் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அதற்கு நான் லாயக்குதான்.

வெயில் தாழ்ந்த பிறகு வண்டிச் சாவியை எடு என்றார். விற்கத்தான் போகிறார், ஷாக்கு கடையிலேயே யாரையாவது கேட்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன், வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துச் சீட்டில் தொட்டில் கையோடு முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே என்றார். திருப்பினேன். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஒவ்வொரு விளக்கையும் விரலால் தொட்டு, ஆயில் இருக்கு, பிரேக் இருக்கு, பேட்டரி இருக்கு, என்று வாசித்தார். பேட்டரி மேல் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. இப்ப ஸ்டார்ட் பண்ணு என்றார். எல்லாம் அணைந்தது. சரி, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம் என்றார். நான் அழுதுகொண்டே ஓட்டினேன், ரோட்டைப் பாத்து ஓட்டு, இன்னொரு தோளும் எனக்கு வேணும், என்றார். திரும்பி வருகிற வழியில்தான் உன் பேச்சை எடுத்தார். என் தோளைச் சாக்கு வெச்சு யாரும் வேலையை விட்டுட்டு வர வேண்டாம்னு எழுது, பொய்க் கணக்குல வந்து நின்னா நாளைக்கு அவளுக்கும் நல்லா இருக்காது நமக்கும் நல்லா இருக்காது, என்றார். வீட்டுக்கு வந்து இந்தத் தாளை வாங்கி ஓரத்தில் அவரே எழுதியிருக்கிறார் பார், கோணலாக இருக்கும், வாசிக்கக் கேட்டேன், ரீடிங் சரி, என்று. கீழே மீட்டர் அட்டையில் போடுகிற மாதிரி சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அதனால் கண்ணு, அந்த ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நீ ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. உனக்கே அந்த ஊர் அலுத்துப் போய், இங்கே இருக்க வேண்டும் என்று தோன்றினால் அது வேறு, அன்றைக்கு யோசித்துச் சொல், கதவு திறந்துதான் இருக்கும். என் மேல் கோபம் என்றால் போனிலேயே திட்டு, அப்பா மாதிரி பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, ரொம்ப இருக்கிறது, அதை இனிமேல் பால் பொங்குகிறது என்று மறைக்க மாட்டேன். லீவு கிடைக்கும்போது வா, போதும். ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் வாசித்துக்கொண்டு வருவார். புது பெல்ட், புது ஆல்டர்னேட்டர், பேட்டரி முனையெல்லாம் சுரண்டிச் சுத்தமாக இருக்கிறது. உன் ஜன்னலுக்கு வெட்டிய திரையையும் தைத்து மாட்டிவிட்டேன், வெட்டின துணி வீணாகக்கூடாது என்று. வெளியே போகும்போது குல்லாவை மறக்காதே. நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு, உன் பேர் போட்ட அந்தக் கதவு இன்னும் பெரிதாகட்டும்.

கையெழுத்துப் போடாதே.

எப்போதும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா

கீழே ஒட்டியிருப்பதுதான் அந்த ஸ்டிக்கர். ஷாக்கு பழைய ஆல்டர்னேட்டரைக் கோணியில் போட்டுத் திருப்பிக் கொடுத்தபோது, குறும்பாக அதன் மேலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டார். பசை போய்விட்டது, கோந்து தடவி ஒட்டியிருக்கிறேன். உரித்துப் பார், இந்தத் தடவை பின்னால் எதுவும் இல்லை.